எறும்புக்கடி

மாடியில் மேனேஜர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் பயில்வான் காத்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கீழே, சலவை மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய மெஷினின் வாயிலிருந்து, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட ஹோட்டல் படுக்கை விரிப்புகளைப் புது ஆள் ஒருத்தன் தண்ணீர் சொட்டச் சொட்ட இழுத்துக்கொண்டிருந்தான். அவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். வருஷக்கணக்கில் அந்த வாயிலிருந்து ஈரத்துணி இழுத்துத்தான் அவருக்குப் பயில்வான் என்று பெயரே வந்தது. இப்போது இருமல் வந்தால்கூட மடித்த துண்டை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதயத்தில் பைபாஸ் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை ஒரு மெஷினில் ஓடவிட்டு, ஒட்டுப் போட்டு, எலும்பைக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். ஒட்டுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலமானால் வீங்கிக்கொள்ளும். மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக்கூடாது, ஒருக்களித்துப் படுக்கக்கூடாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். சகலையைத்தான் பொறுக்க முடியவில்லை.

சகலை, மனைவியின் அக்காள் கணவர். இதே சலவைக்கூடத்தில் கணக்கர். போன வருஷம் அவருக்கும் பைபாஸ்தான். மாதச் சம்பளக்காரர், இன்சூரன்ஸ் இருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் இடது மார்புக்குக் கீழே, விலா எலும்புகளுக்கு நடுவில் சின்னதாகக் கீறி, இதயத்தை நிறுத்தாமல் துடிக்கத் துடிக்கவே தைத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். பயில்வானைப் பார்க்க வந்தவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நாலு விரல்கூட இருக்காது சகலை. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

பயில்வானுக்கு வயிறு எரிந்தது. நெஞ்சைப் பிளந்துகொண்டு கிடப்பவனிடம் வந்து பேசுகிற பேச்சா இது? சகலை கொண்டுவந்த ஆப்பிளைக் கையால் தொடவில்லை.

மனைவி வேறு சும்மா இருக்கவில்லை. "அத்தான் இந்நேரம் ஓடியாடிட்டு இருந்தாரு. நீங்க இன்னும் சுவரைப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க."

"உங்க அத்தானுக்குக் கீறினாங்க. எனக்கு அறுத்தாங்கடி!"

"எல்லாம் ஒரே ஆபரேஷன்தானே?"

இன்றைக்கு மேனேஜரிடம் இன்னும் ஒரு மாதம் விடுப்புக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த மெஷின் புது ஆளுக்குப் போய்விடும். வேலையும் போய், வீட்டில் சகலையின் பெருமையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் ஆகாது.

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பக்கத்தில் சகலையும் நின்றிருந்தார்.

"என்னப்பா பயில்வான், நம்ம கணக்கர் சார் ஒரே மாசத்துல வந்துட்டாரு. நீ இன்னும் படுத்தே கெடக்குறே?"

"எலும்பு கூடணும் சார். இன்னும் ஒரு மாசம் குடுங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆபரேஷன்தானே?"

"ஆளுக்கு ஆள் மாறும் சார்," என்றார் சகலை, இரக்கப்பட்டவர் போல. "மனசுல கொஞ்சம் தைரியம் வேணும். அவ்வளவுதான்."

பயில்வானுக்குச் சுருக்கென்றது. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தொண்டைக்குழிக்குக் கீழே தொடங்கி மேல்வயிறு வரை கறுத்துத் தடித்து இறங்கியது தழும்பு. அதற்கும் கீழே குழாய் செருகியிருந்த ஓட்டைகளின் வடு.

"பாருங்க சார், இது ஒரே ஆபரேஷனா? சகலை, உங்களோடதையும் காட்டுங்க, சார் பார்க்கட்டும்!"

சகலை சட்டையைத் தொடவில்லை. மேனேஜர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. பயில்வானுக்குக் குளுகுளுவென்றிருந்தது. ரம்பத்தைப் பற்றிச் சொன்னார், கம்பியைப் பற்றிச் சொன்னார், இதயம் நின்று கிடந்ததைச் சொன்னார். எல்லாம் தன் சொத்துபத்து மாதிரி.

"காலையும் காட்டட்டுமா சார்?"

"வேணாம்பா, வேணாம்." மேனேஜர் போய் உட்கார்ந்தார். "இவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு நீ ஈரத்துணி இழுத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒரு மாசமெல்லாம் வேணாம். நீ வீட்லயே இருந்து உடம்பைப் பாரு. கணக்கர் சார், அந்தப் புது ஆளையே வெச்சுக்கலாம்."

"சார், மூணு மாசத்துல சரியாயிடும்னு டாக்டரே சொன்னாரு சார்!"

"டாக்டர் சொல்லிட்டுப் போயிடுவாரு."

பயில்வான் சகலையைப் பார்த்தார். சகலை காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். பயில்வான் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

ஹோட்டலுக்குப் போக வேண்டிய துண்டுக் கட்டு ஒன்று சுவரோரம் கிடந்தது. கீழே வேன் ஹாரன் அடித்தது. சகலை குறித்து முடித்துக் கட்டை எடுக்கக் குனிந்தார்.

"ஐயோ, சார்! நீங்க தூக்காதீங்க," என்று பதறினார் மேனேஜர். "ஆபரேஷன் பண்ணின உடம்பு." பெல்லை அழுத்தினார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"விடுங்க சகலை, உங்களால ஆகாது," என்று பயில்வான் குனிந்து கட்டைத் தூக்கினார். நெஞ்சுக்குள் கம்பி கட்டிய இடத்தில் 'டக்' என்று ஏதோ நகர்ந்தது. மேனேஜர் அடுத்த காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்திருந்தார். சகலை முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். பயில்வான் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார்.