றிவோல்வருக்கு ஒரு பிடி

என் கணவர் குகதாசன் அந்த றிவோல்வரின் பிடியை மூன்றாவது தடவையாகக் கழற்றி மேசையில் போட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பிடியிலும் இல்லை, அவரிலும் இல்லை. யாரில் என்று தெரியாத கோபம். அதுதான் மோசமானது.

"இதுவும் சரிவரேல்லை, கௌரி. கைக்குள்ளை நிக்குதில்லை," என்றார்.

துவக்கோடு வந்த மரப்பிடி வழுக்குகிறது என்றார். றப்பர் பிடி வாங்கினோம், கை வேர்க்கிறது என்றார். விரலுக்கு விரல் பள்ளம் வைத்த தடித்த பிடி ஒன்றைத் தேடிப் பிடித்து எடுப்பித்தோம், பள்ளங்கள் தன் விரல்களுக்கு அளவில்லை என்றார். பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனிதன் இவ்வளவு குறை சொல்லவில்லை. என்னைக் கண்ட அன்றே ஓம் என்றவர்.

துவக்கு என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். இந்த நாட்டில் சாதாரணக் கைத்துவக்கு வைத்திருக்க விடமாட்டார்கள். வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் தனித்தனியாக இட்டு நிரப்பும் இந்தப் பழைய மாதிரிக்கு மட்டும், சுடுகிற கழகம் ஒன்றில் சேர்ந்திருந்தால் பொலிஸ் அனுமதி கொடுக்கும். ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் குதிரை என்கிற சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் விசையை அழுத்தலாம். லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் அது இருந்தது. பெட்டியைச் சரிபார்க்க வந்த பொலிஸ்காரர் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டியைப் பூட்டித் திறக்கும் திறப்பு இவரிடம் மட்டும்.

ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆளுக்கு லண்டனில் எதற்குத் துவக்கு என்று நானும் ஆரம்பத்தில் சண்டை பிடித்தேன். இவர் ஒரே ஒருதரம்தான் பதில் சொன்னார்.

"அங்கை எல்லாற்றை துவக்கும் என்னைத்தான் பாத்தது. இஞ்சை நான் பிடிச்சிருக்கேக்கை அது ஒரு கடதாசி மட்டையைப் பாக்குது. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நான் சண்டை பிடிக்கவில்லை. கழகத்துக்குப் போய்வந்த சனிக்கிழமை இரவுகளில் இவர் கத்திக்கொண்டு எழும்பாமல் நித்திரை கொண்டார். எனக்கு அது போதும்.

நான் வெம்பிளியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கை நடுக்கம் எப்படித் தொடங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடியில் சும்மா கிடக்கும் கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல் அசையும். இவர் பொத்தான் பூட்டும் சேட்டுகளை விட்டு, தலையால் போடும் ரீசேட்டுகளுக்கு மாறினார். தேநீரைக் கோப்பை நிறைய ஊற்றினால் "காணும், காணும்" என்று தடுத்தார். நான் அரைக் கோப்பை ஊற்றத் தொடங்கினேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டரிடம் போவோமா என்று ஒருநாள் மெல்ல எடுத்தேன். "ஏன், எனக்கென்ன?" என்றார். கதை அதோடு முடிந்தது.

ஆக, பிழை பிடியில்தான் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே முடிவுகட்டியிருந்தோம். பிடி என்றால் மாற்றலாம்.

ஃபாரஸ்ட் கேட்டில் குசினி அலுமாரி செய்து கொடுக்கும் கிறிஸ்துநாயகம், இவரோடு ஒரு காலத்தில் ஒரே அறையில் இருந்தவன். எங்கள் ஆட்களில் துவக்கு விஷயம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிடி வெறும் மரம்தானே, அதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை என்று அவனிடம் போனோம்.

"அண்ணை, ஆற்றையோ கைக்குச் செய்ததைப் போட்டா எப்பிடிச் சரிவரும்?" என்றான். "நான் அளவுக்கு ஒரு கட்டை தாறன். அதைச் சுத்தி மாவைப் பூசி, துவக்கைப் பிடிக்கிறமாதிரி இறுக்கிப் பிடியுங்கோ. காயவிட்டுத் தந்தா அந்த அச்சைப் பாத்து மரத்திலை வெட்டித் தாறன்."

ஞாயிற்றுக்கிழமை கோதுமை மாவில் உப்பைக் கூடப் போட்டு இறுக்கமாகக் குழைத்துக் கட்டையில் பூசினேன். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு பிடித்தார். கையை எடுத்தபோது மாவில் விரல்களின் தடம் இல்லை, உழக்கிய சேறுதான் இருந்தது.

"மா தண்ணிப்பதம்," என்றார்.

முப்பது வருடமாக இந்த மனிதனுக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறேன், என் மாவில் குறை சொல்கிறார்! இருந்தும் இன்னும் கொஞ்சம் மா போட்டுக் குழைத்தேன். அடுத்த தடவையும் அதே கதைதான். கடைசித் தடவை, கையை எடுத்ததும் மாவைத் திரும்பிப் பார்க்காமலே கட்டையை ஹீற்றருக்கு மேல் வைத்தார். "இது காணும். காயட்டும்," என்று சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு விரலுக்கும் பல தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. இல்லத்தில் நடுங்கும் கைகள் எத்தனைக்கோ கரண்டி பிடித்துக் கொடுத்திருக்கிறேன், அழுததில்லை. அந்த மாவைப் பார்த்து அழுதேன்.

கிறிஸ்துநாயகம் இதைக் கண்டால் விளங்கிக்கொள்வான். பாவம் பார்ப்பான். பின்னேரத்துக்குள் ஃபாரஸ்ட் கேட் முழுக்கப் பாவம் பார்க்கும். அதை இவர் தாங்கமாட்டார்.

மாவை வழித்துக் குப்பையில் போட்டேன். புதிதாகக் குழைத்துப் பூசி, என் வலது கையால் இறுக்கிப் பிடித்தேன். ஆட்களைத் தூக்கிப் புரட்டிய கை, சின்னக் கை இல்லை. இவருடைய கைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். குண்டு போட்ட துவக்கு நடுங்கும் கையில் இருந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் சட்டிகளைத் தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினேன். அந்தச் சனிக்கிழமைகளை இவரிடமிருந்து பறிக்க என்னால் முடியவில்லை.

பிடி வந்தது. கடும் மண்ணிற மரம், எண்ணெய் பூசி அழகாகச் செய்திருந்தான். இவர் துவக்கை எடுத்து, குண்டு போடும் அறைகள் எல்லாம் வெறுமை என்று எனக்கும் காட்டிவிட்டு, இரண்டு மரத்துண்டுகளையும் வைத்துத் திருகாணியை முடுக்கினார். வெகுநேரம் எடுத்தது. நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பிடித்தார். துவக்கை மேசையில் வைத்துவிட்டு, பிடியின் அடியில் இருந்த பள்ளத்தை இடது கை விரலால் தடவிப் பார்த்தார். அது சின்னவிரலின் பள்ளம். காரின் கதவில் நசுங்கி வளைந்துபோன என் சின்னவிரலைப்போலவே அதுவும் வளைந்திருந்தது.

"இது உம்மடை கை," என்றார்.

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"முப்பது வருசமாப் பிடிச்ச கை எனக்குத் தெரியாதே, கௌரி?"

நான் சின்னவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினேன்.

"என்ரை அச்சு அவ்வளவு மோசமோ?"

"ஓம்," என்றேன்.

"தெரியும். அதுதான் பாக்காமல் போனனான்." துவக்கைத் தள்ளி வைத்தார். "கார்த்திகைக்குப் பிறகு நான் ஒரு வெடியும் வைக்கேல்லை. குதிரையை இழுக்கேக்கை பெருவிரல் வழுக்கி, வெடிச்சுப்போச்சு. குண்டு நிலத்திலை பட்டுது. பக்கத்திலை ஒரு மனிசன் நிண்டவர். அண்டையோடை விட்டிட்டன். சனிக்கிழமையிலை போய்ச் சும்மா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். நல்ல பிடி ஒண்டு கிடைச்சால் திரும்பத் தொடங்கலாம் எண்டு நினைச்சன்."

இவருடைய உடுப்புகளில் வெடிமருந்து மணம் இல்லாமல் போய் மாதங்களாகியிருந்தன. துவைக்கிறவள் நான், எனக்கு அது தெரியாமல் போகுமா? தெரிந்தது. தெரிந்ததை யோசிக்காமல் விட்டேன்.

அடுத்த கிழமை இவர் பழைய மரப்பிடியைத் திரும்பப் பூட்டி, துவக்கை அனுமதியுள்ள வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்தார். டாக்டரிடம் போனோம். அவர் சொன்ன வியாதியின் பெயர் நான் நினைத்திருந்த பெயர்தான். இரும்புப் பெட்டி வெறுமையாக இன்னும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவர் இரவில் திரும்பவும் கத்திக்கொண்டு எழும்புகிறார்.

என் கைக்குச் செய்த பிடியை மட்டும் இவர் கொடுக்கவில்லை. கிறிஸ்துநாயகம் தந்த கட்டையிலேயே அதைப் பூட்டி வைத்திருக்கிறார். டிவி பார்க்கும்போது வலது கையில் அதைப் பிடித்துக்கொண்டு இருப்பார். கை நடுங்கும்போது கட்டை கதிரையில் பட்டு டக், டக் என்று சத்தம் கேட்கும்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன்.

"நான் இஞ்சைதானே இருக்கிறன். உந்தக் கட்டையை விட்டிட்டு என்ரை கையைப் பிடியுங்கோவன்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. "உம்மடை கையைப் பிடிச்சால் உம்மடை கையும் நடுங்கும்," என்றார். "இது மரம். இதுக்கு நோகாது."

நான் எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். முன்னறையில் சத்தம் நிற்கவில்லை. என் கையைப்போலவே இருக்கும் அந்த மரத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது.