கரண்டியம்மாவின் நட்சத்திரங்கள்

“பயந்தா நெத்தியில வேர்வைத் துளி. கோபம் வந்தா தலைக்கு மேல புகை. அடி வாங்கினா நட்சத்திரம்.”

“அடிபட்டவனுக்கு எதுக்குங்க நட்சத்திரம்?”

“அதைப் போட்டாத்தான் சிரிப்பாங்க, பைத்தியம். போடலைன்னா அது வெறும் அடிதடி.”

கல்யாணமான புதிதில், கார்ட்டூன் போடும் கணவன் சொல்லிக்கொடுத்தது. பதினொரு வருடமாக உருவங்களை அவன் வரைகிறான். துளியும் புகையும் நட்சத்திரமும் அவள் பங்கு. வாராவாரம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கரண்டியம்மா புருஷன் மண்டையில் ஒரு போடு போடுவாள். ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். வீட்டில் கரண்டி கிடையாது, கைதான். வாங்குவதும் புருஷன் இல்லை. போன வாரம் வலது காதோடு சேர்த்து விழுந்தபோது நட்சத்திரம் எதுவும் தெரியவில்லை. ‘கொய்ங்’ என்று ஒரு சத்தம். பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இன்று காலை அவளுடைய அண்ணன் இந்த வாரக் கார்ட்டூனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பத்திரிகையில் பக்கம் அமைப்பவன் அவன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனும் அவன்தான். அதனாலேயே அவனிடம் சொல்ல அவளுக்கு இத்தனை வருடமாக வாய் வரவில்லை.

“என்னம்மா இது? கரண்டியும் அவ கையில, நட்சத்திரமும் அவ தலையிலயா? தன்னைத்தானே போட்டுக்கிட்டாளா?”

எட்டிப் பார்த்தாள். ஐந்து நட்சத்திரங்களும் கரண்டியம்மாவைச் சுற்றிப் பாங்காக உட்கார்ந்திருந்தன. எப்போது அப்படிப் போட்டாள் என்றே நினைவில்லை.

“உங்க தங்கச்சிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு மச்சான்” என்று கணவன் சிரித்தான். அவளைப் பார்த்த கண்ணில் சிரிப்பு இல்லை. போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அவள் வெள்ளை மையைத் தொட்டு நட்சத்திரங்களை மூட ஆரம்பித்தாள். நான்கு மறைந்தன. வலது பக்கம் நின்ற அண்ணன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. உடம்பையே திருப்பி இடது காதைக் கொடுத்தாள்.

அண்ணனின் முகம் மாறியது. அவள் முடியை மெல்ல ஒதுக்கினான். காதுக்குப் பின்னால் நீலமாகக் கன்றிப் போயிருந்தது.

“எத்தனை நாளா இது?”

வாசலில், “சரி சார், இதோ இப்பவே அனுப்பிடறேன்” என்று பேச்சு முடிந்துகொண்டிருந்தது. ஐந்தாவது நட்சத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

“அண்ணா, என்னை இப்பவே உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு.”