கையைப் பார்க்கும் வித்தை

ஒத்திகையில், இசைக்குழுவை நடத்தும் பெரியவரின் கை இறங்கியதும் பாடகர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். வாத்தியக்காரர்கள் அப்போதுதான் மூச்சையே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க! ஹாலுக்குத் தீயா பிடிச்சிருக்கு? எதுக்கு இப்படி முந்தறீங்க?"

ஊர் ஊராக இசைக்குழு நடத்திப் பேர் வாங்கியவர் அவர். ஆனால் முறைத்தது பாடகர்களை அல்ல. அவர்களைப் பழக்கிய டீச்சரை.

"டீக்கு அப்புறமும் இதே கதைன்னா, நாளைக்குக் கச்சேரியில பாட்டே வேண்டாம்மா. வாத்தியம் போதும்."

டீச்சர் பாடகர்களைத் திரும்பிப் பார்த்தாள். வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ஓடிவந்து பாடிப் பழகிய தபால்காரரிடமும் பல் டாக்டரிடமும் என்ன சொல்வாள்? முதல் வரிசையில் பாடும் சொந்த மாமியாரிடம்?

டீ இடைவேளையில் மாமியார் அவளைத் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, கை இறங்கினா பாடணும்னு நீதானே தலைபாடா அடிச்சுக்கிட்டே?"

"ஆமா அத்தை. ஆனா வாத்தியக்காரங்க கை இறங்கின பிறகு ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் வாசிக்கறாங்க. அவருக்கும் அதுவே பழகிப்போச்சு."

"அதை அவர்கிட்டயே சொல்லேன்."

"நீங்க சொல்லுங்களேன்."

அத்தை உடனே பிஸ்கட்டில் மும்முரமானாள்.

டீச்சர் எல்லோரையும் மாடிப்படியருகே கூட்டினாள். "இனிமே யாரும் அவர் கையைப் பார்க்காதீங்க. ஓரத்துல ஆளுயர வயலின் வாசிக்கறாரே மீசைக்காரர், அவர் முழங்கை நகர்ந்தா பாடுங்க."

"முகத்தைப் பார்க்கலாமா டீச்சர்? களையா இருக்கார்."

"முழங்கையை!"

இடைவேளைக்குப் பிறகு பாட்டும் வாத்தியமும் ஒட்டிக்கொண்டு வந்தன. இத்தனை கண்கள் தன்மேல் மொய்ப்பதைக் கண்ட மீசைக்காரர், சட்டைப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

பெரியவர் உருகிவிட்டார். வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? என் கையை விட்டுக் கண்ணை எடுக்கலை! நீங்களும் இருக்கீங்களே, காகிதத்தையே முறைச்சுக்கிட்டு. கை இறங்கினா சத்தம் வரணும். எங்கே, பார்ப்போம்!"

வாத்தியக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். கை இறங்கியது. அதே கணத்தில் முழங்கை நகர்ந்தது. வாத்தியங்களும் பாட்டும் ஒன்றாக வந்து பெரியவரின் முகத்தில் மோதின. ஒரு மூச்சுத் தாமதத்துக்கே பழகியிருந்த அவர் ஓரடி பின்வாங்கினார். கிளம்பிவிட்ட பேருந்தைத் துரத்துபவரைப்போல, பாட்டு முடியும்வரை அதன் பின்னாலேயே கையை வீசிக்கொண்டு ஓடினார்.

முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"யாரும்மா முந்தினது?"

"யாரும் முந்தலை சார். எல்லாரும் உங்க கையோடதான் வந்தாங்க. நாளைக்குப் பாட்டு உண்டா?"

"உண்டு, உண்டு." குரலைத் தாழ்த்தினார். "ஆனா நாளைக்கு என்னை இவ்வளவு பார்க்க வேண்டாம்னு சொல்லுங்க."