கூடுதலாக ஒரு தட்டு

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த வரியை எழுதியவள் நான். வெட்டலாமா என்று கேட்டவர் எடிட்டர். வெட்டுங்கள் என்று சொன்னவளும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வந்து, இவள் நம்மை நன்றாகச் சுற்றவிட்டாள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

வரி இதுதான்:

"பெரிய பண்டிகையன்று இந்நாட்டின் எல்லா வீடுகளிலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கப்படும். வழிப்போக்கர் யாரும் கதவைத் தட்டி, அதன் முன் அமர்ந்து உண்ணலாம்."

சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடு ஒன்றில், 'அறிமுகம்: பண்பாடும் பண்டிகைகளும்' என்ற அத்தியாயத்தில் இது வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர் விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் நடுவே, கார் சிக்னலில் நிற்கும் நேரத்தில், ஒரு நாட்டையே தெரிந்துகொண்டுவிட வேண்டும். அதற்குத்தான் அந்த அத்தியாயம். பிறந்து வளர்ந்த நாடுதானே, இதற்கு என்ன பெரிய ஆராய்ச்சி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிக் கொடுத்தேன். 'எல்லா வீடுகளிலும்' என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சமும் கூசவில்லை.

2

கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கையில் புத்தகத்தோடு பயணி அந்தத் தெருவில் இறங்கியபோது, எல்லா வீட்டுச் சமையலறைகளிலிருந்தும் வாசனை—"

வேண்டாம். வாசனையில் ஆரம்பிக்கிற கதைகளைப் படித்துப் படித்து மூக்கே அடைத்துவிட்டது.

அடுத்தது:

"அவர் தட்டிய கதவை ஒரு பெண் திறந்தாள். அவள் கண்களில்—"

கண்களில் என்ன இருந்தது? எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. [அந்தக் 'கண்களில்' வாக்கியத்தை மூன்று நாள் வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டேன்.]

பயணியைப் பற்றியும் எனக்குச் சந்தேகம்தான். முதல் வரைவில் அவருக்குத் தாடி வைத்தேன். அடுத்த வரைவில் தொப்பி போட்டேன். பிறகு இரண்டையும் எடுத்துவிட்டேன். ஏனென்றால் அவர் நிஜ ஆள். பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியவர். என் வரியை நம்பி, பண்டிகையன்று மத்தியானம் பழப் பையோடு கிளம்பி, தெருத்தெருவாகக் கதவைத் தட்டியிருக்கிறார். எல்லா வீட்டிலும் திருதிருவென்று விழித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் என்று நினைத்து மீட்டரைக் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் எப்போது எழுந்திருப்பார் என்று மரியாதையாகக் காத்திருந்திருக்கிறார்கள். பாவம், கோபமே இல்லாமல் எழுதியிருந்தார்: "நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனா?"

இல்லை ஐயா. நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள்.

3

எடிட்டருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். எந்தக் கட்டுரை போனாலும் பாதியாகத்தான் திரும்பி வரும். நல்ல மனிதர். அச்சகத்துக்கு மேல் மாடியில் அவர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே டீ டம்ளர் மேஜையில் நகரும். அதைப் பிடித்துக்கொண்டேதான் யாரிடமும் பேசுவார்.

போனில் கேட்டார்: "இந்தத் தட்டு விஷயத்துக்கு ஆதாரம் என்ன மேடம்?"

"எங்க வீட்ல வைப்பாங்க சார்."

"சரி. வேற எங்க?"

யோசித்தேன். மாமா வீடு, பக்கத்து வீடு, தோழி வீடு என்று மனசுக்குள் ஒவ்வொரு சாப்பாட்டு அறையாகப் போய்ப் பார்த்தேன். பண்டிகையன்று நான் வேறு வீட்டில் சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எங்க வீட்ல மட்டுந்தான் போல சார்."

"உங்க வீட்டுக்குக் கொடி, நாணயம் ஏதாவது இருக்கா மேடம்? நாட்டுக் கணக்குல சேத்துட்டீங்களே."

சிரித்தார். நானும் சிரித்தேன். மறுபதிப்பு அச்சுக்குப் போகிறது, எடுத்துவிடலாமா என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். இருவருக்கும் நிம்மதி. ஒரு பொய்யைத் திருத்தினால் வரும் சின்னத் திருப்தியோடு போனை வைத்தேன்.

[கையேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் வரும் 'மக்கள்' என்பவர்கள் எப்போதும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள், ஒரே நேரத்தில் விளக்கேற்றுவார்கள், ஒரே மாதிரி உபசரிப்பார்கள். ஒருவருக்காவது அன்று தலைவலி இருக்காது. யாரும் யாரோடும் பேசாமல் இருக்கமாட்டார்கள். இப்படிப்பட்ட மக்களைப் பல வருஷமாக உற்பத்தி செய்து வருகிறேன். எனக்கு இதில் நல்ல பெயரும் உண்டு.]

4

மறுநாள் அம்மா வீட்டுக்குப் போனேன். கதை இங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன்.

புத்தகம் வந்த புதிதில் அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். கண்ணில் புரை, எழுத்து தெரியாது என்று அதை அலமாரியின் கண்ணாடிக்குள் நிறுத்தி, வருகிறவர்களுக்கு அட்டையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது கண் ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அட்டையிலிருந்து ஆரம்பித்து, விலை, விலாசம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது நீ எழுதுனதா?"

"எதும்மா?"

அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள்.

"ஆமா."

"எல்லா வீட்லயுமா?"

"இல்லியாம். இப்பத்தான் தெரியுது. நீதானேம்மா வழக்கம்னு சொன்ன?"

"உங்க அப்பாகிட்ட சொன்னேன், எங்க அம்மா வீட்டு வழக்கம்னு. அவர் நம்பிட்டாரு. நீயும் நம்பிட்டியா?"

சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது அவளுக்கு. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"வருஷா வருஷம் அந்தத் தட்டுக்குப் பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்ட. யாருக்கும்மா இதுன்னு ஒரு வாட்டியாவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. கேள்வி கேட்பது என் தொழில். அருங்காட்சியகத்துக்கு எந்த நாளில் விடுமுறை, கோட்டைக்குள் செருப்போடு போகலாமா என்று யார் யாரையோ போனில் பிடித்துக் கேட்டிருக்கிறேன். என் முழங்கைக்கு அருகே காலியாக இருந்த தட்டைப் பற்றிக் கேட்டதில்லை.

"யாருக்கு?"

"சின்னவளுக்கு."

[சின்னவள் என்பது என் சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. வீட்டுக்குப் பிடிக்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை.]

"அந்த வருஷம் பண்டிகையன்னிக்கு வந்தா. அவரும் கூட வந்தாரு. நீ கைக்கொழந்த, என் இடுப்புல இருக்க. உங்கப்பா உள்ள அப்பத்தான் சாப்பிட உக்காந்தாரு. கதவத் தெறக்குறேன், 'அக்கா, சாப்பிட வந்தோம்'னு சிரிச்சிக்கிட்டே நிக்கிறா."

"நீ என்ன சொன்ன?"

அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இன்னைக்கு அளவாத்தான் சமைச்சிருக்கு, இன்னொரு நாள் வாங்களேன்னு சொன்னேன்."

இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியர் ஜன்னலுக்கு வெளியே எதையாவது காட்டுவார். எங்கள் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான்.

"அப்பா திட்டுவாருன்னு பயமா?"

"அவர் திட்டுற ஆளா? கேட்டிருந்தா, உள்ள வரச்சொல்லுன்னுதான் சொல்லியிருப்பாரு. நான் கேக்கவே இல்லியே. நானா நெனச்சுக்கிட்டேன். உள்ள வந்ததும் யாருன்னு கேட்டாரு. யாரோ வழி கேட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

அடுத்த வருஷம் அம்மா ஒரு தட்டைக் கூடுதலாக வைத்திருக்கிறாள். எதற்கு என்று அப்பா கேட்க, அம்மா வீட்டு வழக்கம், வழிப்போக்கர் யாராவது வந்தால் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அப்பா இருந்தவரை வைத்தாள். அப்பா போன பிறகும் வைக்கிறாள்.

"தேடலியாம்மா?"

"ஒரு மாசம் கழிச்சு அவ வீட்டுக்குப் போனேன். காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. எங்க போனாங்கன்னு அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியல."

அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்து, எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எங்கெல்லாம் போகும்?"

"எங்க வேணா போகும்மா. ஸ்டேஷன் கடை, ஏர்போர்ட்டு, லாட்ஜு…"

"வெளிநாட்டுக்கும்?"

"அவங்களுக்குத்தானே போடுறாங்க."

"அப்ப அவ கண்ல படும்," என்றாள். "உன் பேரு போட்டிருக்குல்ல. உனக்குப் பேரு வச்சதே அவதான். எங்கிருந்து புடிச்சாளோ, அந்தப் பேரு வேற யாருக்கும் கெடயாது. பேரப் பாத்து எடுப்பா. எடுத்தா இந்த வரியப் படிப்பா."

புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"அடுத்த வாட்டி அச்சடிக்கும்போது இன்னும் ஒண்ணு சேத்துரு. சாப்பாடு நெறைய இருக்கும்னு போடு. வெறும் தட்டுன்னு எழுதுனா, அன்னைக்கு மாதிரின்னு நெனச்சுக்கப் போறா."

"சரிம்மா," என்றேன்.

5

மறுநாள் காலையில் அச்சகத்துக்கு நேரிலேயே ஓடினேன். மாடிப்படி ஏறும்போதே கீழே இயந்திரம் ஓடுவது காலில் தெரிந்தது. கத்தரி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் நேத்தே அச்சுல ஓடிடுச்சு மேடம். ஏன்?"

"அந்த வரி இருக்கட்டும்னு சொல்ல வந்தேன்."

"அது பொய்யின்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா சார்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அச்சடித்த தாளைத் தேடி எடுத்துக் காட்டினார். பக்கம் குலையாமல் இருக்க, அதே நீளத்தில் வேறொரு வரியைப் போட்டிருந்தார்: "பண்டிகைக் காலங்களில் விடுதிகள் நிரம்பிவிடுவதால், பயணிகள் அறைகளை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது." அதில் ஒரு பிழையும் இல்லை. பழைய பதிப்பின் மிச்சப் பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கி, பழைய பேப்பருக்குப் போடச் சொல்லிவிட்டாராம். அதிலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தவறான புத்தகத்தை யார் விற்பார்கள்?

கதைக்கு முடிவு ஒன்று: பயணி திரும்ப வருகிறார். இந்த முறை அம்மாவின் கதவைத் தட்டுகிறார். அம்மா உட்காரவைத்துப் பரிமாறுகிறாள், மனம் ஆறுகிறது. எழுதிப் பார்த்தேன். அம்மா நான் சொன்னபடி கேட்கவில்லை. பயணிக்கு வேறு தட்டு எடுத்து வந்தாள். சித்திக்கான தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

முடிவு இரண்டு: எங்கோ ஒரு லாட்ஜில் சித்தி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ விட்டுப்போன பழைய பதிப்பைப் புரட்டுகிறாள். அட்டையில் தான் வைத்த பெயர். பக்கத்தைத் திருப்ப—

இதற்குமேல் எழுத எனக்கு மனசு வரவில்லை. அவள் திருப்புவது புதுப் பதிப்பாக இருந்தால்? அறையை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லி அக்கா மகள் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைப்பாள்.

முடிவு மூன்று: அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. இதுதான் நியாயமானது. நான் இன்னும் சொல்லவில்லை.

6

போன வாரம் பெரிய பண்டிகை வந்தது. அம்மா இரண்டு தட்டுகளைக் கூடுதலாக வைத்தாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"அவரும் வருவாருல்ல," என்றாள். "அன்னைக்கும் வந்தாரே."

கேட்கவேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டுவிட்டேன், எந்த உபயோகமும் இல்லாத நாளில். பெரிய பாத்திரம் நிறையச் சமைத்திருந்தாள். நாங்கள் இருவர்தான். வெளியே ஆட்டோ நின்றால் கரண்டியை நிறுத்தினாள். ஆட்டோ போனதும் எனக்கு இன்னொரு கரண்டி போட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மிச்சத்தை மூடி வைக்கும்போது, "புத்தகம் போய்ச் சேர நாளாகும்ல?" என்று கேட்டாள். ஆகும்மா என்றேன்.

அதனால்தான் இந்தக் கதை. கையேட்டில் இடம் போய்விட்டது. பத்திரிகையில் கதைக்கு மேலே என் பெயரைப் போடுவார்கள். அது வேறு யாருக்கும் இல்லாத பெயர் என்று அம்மா சொல்கிறாள். திருத்திய வரியைக் கீழே தருகிறேன்:

"பெரிய பண்டிகையன்று இந்நாட்டில் ஒரே ஒரு வீட்டில் இரண்டு தட்டுகள் கூடுதலாக வைக்கப்படும். அவை வழிப்போக்கர்களுக்கு அல்ல."

முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அக்காவைப் பற்றிப் பேச்சு எடுக்காத ஒரு வயதான பெண்மணி உங்கள் மாடியில் குடியிருக்கலாம், உங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நிற்கலாம். இந்தப் பத்திரிகையை அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேச்சுக் கொடுக்கிறவராக இருந்தால், அம்மா சேர்க்கச் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்.

சாப்பாடு நிறைய இருக்கிறது.