பிள்ளையாருக்குச் சொட்டை

என் மூஞ்சியில் எண்ணெய் வழியும். இதை நான் மறைத்ததில்லை, மறைக்கவும் முடியாது. காலையில் கழுவிவிட்டுக் கம்மாபுரத்தில் பஸ் ஏறினால், விருத்தாசலத்தில் இறங்குவதற்குள் மூக்கும் நெற்றியும் மின்ன ஆரம்பித்துவிடும். இருபத்தாறு வருஷமாக இந்த மூஞ்சியோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. பிள்ளையாருக்குச் சொட்டை விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று ஒருத்தர் சொன்ன பிறகுதான் வந்தது.

சொன்னவர் குருமூர்த்தி. எங்கள் பீங்கான் பொம்மைக் கம்பெனியின் சூப்பர்வைசர், முதலாளி கொளஞ்சிநாதனின் மச்சான். இரண்டாவது தகுதியால்தான் முதல் தகுதி கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியே சொல்லும்.

பொம்மையை ஒரு தடவை சுட்டு எடுத்தால் அதற்குப் பெயர் பிஸ்கட். வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கும், எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடி சுட்டால் பளபளப்பு வரும். ஐந்து வருஷமாக முக்குவது நான்தான். பிஸ்கட்டில் எண்ணெய் பட்டிருந்தால் அந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காது. இரண்டாவது சூட்டில் விலகி, அங்கே மட்டும் மொட்டையாகத் தெரியும். அதைத்தான் நாங்கள் சொட்டை என்போம்.

கொலு ஆர்டருக்காகச் சூளையைத் திறந்த அன்று, வரிசையாகப் பிள்ளையார்கள், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சொட்டையோடு, ரிட்டயர் ஆன வாத்தியார்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குருமூர்த்தி அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முதலாளியிடம் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"இது மூஞ்சியப் பாருங்க மாமா, அப்பளமே பொரிக்கலாம். அதத் தொடச்ச கையாலதான முக்குது?"

இன்னொரு சூளை இப்படி வந்தால் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாக முதலாளி சொன்னார். பேக்கிங் என்றால் அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணிப்பது. கிளேஸ் கெட்டியா தண்ணியா என்று விரலை விட்டே சொல்லும் கை என்னுடையது. அதை வைக்கோலுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்து அன்றைக்குப் பஸ்ஸில் அழுதேன்.

மறுநாளிலிருந்து குருமூர்த்தி வைத்தியரானார். செல்போனில் எவனோ சொன்னதையெல்லாம் என் மூஞ்சியில் சோதித்தார். எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் தேய்க்கச் சொன்னார், தேய்த்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்பு போடச் சொன்னார், போட்டேன். கடைசியில் ஞானோதயம் வந்து, பொம்மை மண் மூட்டையைக் காட்டினார். முல்தானி மட்டியும் மண்ணுதான், இதுவும் மண்ணுதான், காசு கொடுத்து வாங்குறவ முட்டாள் என்றார். வேலைக்குப் பயந்து அதையும் பூசினேன். காய்ந்து, இழுத்து, வாய் ஓரத்தில் வெடித்தது. கழுவினால் தோல் செக்கச்செவேல் என்று எரிந்தது. மதியத்துக்குள் அந்த எரிச்சல் மேலேயே எண்ணெயும் மின்னியது.

பொறுக்கமுடியாமல் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். மண் கதையைக் கேட்டு, அது மூஞ்சியா பாத்திரமா என்று திட்டினார். கழுவித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டு, மெல்லிய டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார்க்கச் சொன்னார். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் எண்ணெய் ஒட்டி, கன்னத்தில் ஒட்டாவிட்டால் எண்ணெயும் வறட்சியும் கலந்த தோலாம், எனக்கு அதுதானாம். காலையும் ராத்திரியும் காரமில்லாத ஃபேஸ்வாஷால் கழுவினால் போதும், வேர்த்து ஊற்றினால் இன்னொரு தடவை. தேய்க்கக் கூடாது. எண்ணெய்த்தோல்தானே என்று காயவிடாமல், எண்ணெய் சேராத லேசான க்ரீம் பூச வேண்டும். இது வியாதியில்லை, பிறவி வாகு என்றார்.

கிளம்பும்போது கையை நீட்டி, இதிலும் எண்ணெய் வழியுமா என்று கேட்டேன்.

"உள்ளங்கையில எண்ணெய்ச் சுரப்பியே கெடையாதும்மா. கையில எண்ணெய் இருந்தா, அது எதையாவது தொட்டுட்டு வந்த எண்ணெய்."

அந்த ஒரு வார்த்தையோடு வேலைக்கு வந்தேன். நான் மூஞ்சியைத் தொடுவதில்லை, துடைத்தால் தோள்பட்டையில்தான் துடைப்பேன். அதோடு, பிள்ளையாரை அடியில் பிடித்துத் தலைகீழாகத்தான் முக்குவேன். அப்படியானால் தலையைத் தொடுவது யார்? முக்குவதற்கு முன்னால் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது சூப்பர்வைசர் வேலை. இரண்டு விரலால் தலையைப் பிடித்துத் தூக்கி, வயிற்றில் தட்டுவார். நாலு பொம்மைக்கு ஒரு தடவை கை தன் உச்சந்தலைக்குப் போகும். ஆறு மாதமாக அவருக்கு முடி கொட்டுகிறது. தொண்ணூறு நாளில் காடாக வளர்க்கும் மூலிகை எண்ணெய் ஒன்றை வரவழைத்து, விரல் நுனியால் மணிக்கொரு தரம் தேய்க்கிறார்.

நேராக முதலாளியிடம் போனேன்.

"மொதலாளி, மூணு பிள்ளையாரு குடுங்க. ஒண்ண என் நெத்தியில ஒத்தி எடுக்கறேன். ஒண்ண கையால மட்டும் தொடறேன். ஒண்ண சாரு எப்பவும்போலத் தட்டட்டும். சூளை சொல்லட்டும்."

குருமூர்த்தி தன் பங்குப் பிள்ளையாரை உற்சாகமாகத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை தலையையும் தடவிக்கொண்டார். எது எதுவென்று அடியில் அடையாளம் கீறி மூன்றையும் முக்கிச் சூளைக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தார்கள். நெற்றியில் ஒற்றியதன் முதுகில் ஒரு ரூபாய் அளவுக்கு மொட்டை. என் கை தொட்டது கண்ணாடி மாதிரி வந்திருந்தது. மூன்றாவதுக்குக் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சொட்டை. முதலாளி அந்தத் தலையைப் பார்த்தார், மச்சான் தலையைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து தொப்பி போட்டுக்க குரு. கையுறையும்," என்றார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கிளேஸ் தொட்டியைக் காட்டினார், அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல அந்த வாய்க்கு என்ன கேடு என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம்தான்.

பத்து நாள் கழித்துக் குருமூர்த்தி தொட்டிப் பக்கம் வந்தார். தொப்பிக்குள் எண்ணெய் புழுங்கி, நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாகப் பரு. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கயலு, அந்த டாக்டரம்மா எந்தக் கெழம இருப்பாங்க?"

"டாக்டர் எதுக்குங்க சார்? மூட்டை அங்கதான் இருக்குது. அதுவும் மண்ணுதான, அள்ளிப் பூசுங்க."

மறுநாள் அவர் நெற்றி செக்கச்செவேல் என்று எரிந்துகொண்டிருந்தது. பாவம் என்று தோன்றுமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். தோன்றவில்லை.