பல்லில் பிடித்த நூல்

என் அம்மா ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் என் வாயை மூடவில்லை. தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு சின்னாளபட்டியில். அம்மா சோலையம்மாள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டுகிறவள். வெள்ளைத் துணியில் நகத்தால் ஒரு பொட்டளவு கிள்ளித் தூக்கி, நூலை இறுகச் சுற்றிக் கட்ட வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்து நூலை அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நூலின் ஒரு முனை விரலில், மறுமுனை முன்பல்லில். அப்பா செத்த வருஷத்திலிருந்து அவள் அந்தப் பல்லை வைத்துத்தான் என்னை பி.ஏ. வரைக்கும் கொண்டுவந்தாள். நான் துணிப் பக்கம் கை நீட்டினால் போதும், "போய்ப் படிடி" என்று விரட்டுவாள். ஒரு முடிச்சுக்கூட என்னைக் கட்ட விட்டதில்லை.

அறுபத்தொன்றில் திண்டுக்கல்லில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வேலைக்குப் போன மூன்றாம் மாதம் ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி தன் முந்தானையை விரித்துக் காட்டி, "இது உங்கம்மா கட்டுனதாமே, அழகம்மா?" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பி.ஏ. படித்து என்ன? எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டத் துப்பில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன்.

"இனிமே இந்த வீட்டுல கூலித்துணி எறங்கக் கூடாது. நான் சம்பாதிக்கிறேன்ல? நீ உக்காந்து சாப்பிடு."

அம்மா என்னைப் பார்த்தாள். நூலை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பேச்சில்லை. கேட்டால் தலையாட்டுவாள், இல்லாவிட்டால் கையைக் காட்டுவாள். வைராக்கியம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். "பேசாமலே என்னைக் கொன்னுரலாம்னு பாக்குறியா?" என்று காலையில் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தடவை கத்தினேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அத்தை சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏடி அழகு, உங்காத்தா மௌன விரதமாக்கும்னு நெனச்சேன். நீ போடுற சத்தத்துக்கு நாங்களும் விரதம் இருக்கணும் போல."

ஒன்பதாம் நாள் சோற்றுத் தட்டை அவள் முன்னால் தள்ளினேன். "என் கண்ணு முன்னாடி சாப்பிடு." அம்மா ஒரு பருக்கையை எடுத்து உதட்டுக்குள் வைத்தாள். அதை விரலால் பல்லுக்கு இடையே நெருக்கினாள். போகவில்லை. மறுபடி நெருக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் அவள் கன்னம் இரண்டும் குழிந்துபோயிருந்ததைப் பார்த்தேன். ஒன்பது நாளாகக் கடைவாய் ஓரத்தில் நீராகாரத்தை ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏம்மா, சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

பல்லைத் திறக்காமலே பேசினாள். உஸ் உஸ் என்று காற்றுதான் அதிகம் வந்தது. "பாம்பு மாதிரி... சத்தம் வருது. வெக்கமா இருக்கு."

பேச்சியம்மாள் அத்தை அன்று ராத்திரியே உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள், கற்பூரத் தைலம் தேய்த்தாள், திருநீறும் போட்டாள். கன்னம் சிவந்தது. பல் திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லுக்கு இடையே அவர் தீக்குச்சியைச் செருகிப் பார்த்தார். ஒரு குச்சிதான் போனது.

"தாடையைப் பூட்டுற ரணஜன்னி இல்ல. அதுவா இருந்தா இந்நேரம் இப்படி உக்காந்திருக்க மாட்டாங்க. தாடைச் சதை இறுகிப்போச்சு. ஆனா சாப்பாடு இல்லாம ரொம்ப நாள் தாங்காது. புதன்கிழமை வரைக்கும் பாக்கிறேன். ஒரு விரல் நுழையலைன்னா முன்பல் ரெண்டைப் பிடுங்கிட்டு, அந்த வழியா குழாய்ல கஞ்சி விட வேண்டியதுதான்."

அவருக்கு அது இரண்டு பல். அம்மாவுக்கு அது இரண்டு கை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரிடம் உதவிக்கு இருந்தவள் சகாயசெல்வி. என் வயதுதான் இருக்கும். டாக்டர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும் எங்களை ஓரமாக பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"டீச்சர், ரொம்ப நேரம் வாயைத் தொறந்து வச்சிருந்து தாடை பிடிச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு நான் இதைத்தான் செய்வேன். பாத்துக்கோங்க. வீட்டுல நீங்கதான் செய்யணும்."

நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பல் திறக்கத் தேவையில்லை. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை மெதுவாக உள்ளே விட்டாள். வெளியே கட்டைவிரலை வைத்து, கன்னச் சதையை இரண்டுக்கும் நடுவில் பிடித்தாள்.

"இந்தா, பின்னாடி கொட்டைப்பாக்கு மாதிரி உருளுது. இதைத் தேய்க்காதீங்க. சும்மா அழுத்திப் பிடிங்க. அவங்க பத்து மூச்சு விடட்டும். அதுவா இளகும்."

ஆறாவது மூச்சில் அம்மா அழ ஆரம்பித்தாள். நான் செல்வியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வலிக்குது, விடுங்க."

"வலியில்ல டீச்சர். இறுக்கம் விடுறப்ப சில பேருக்கு அழுகை வரும். அழட்டும்."

அன்று சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு அம்மா எதிரே உட்கார்ந்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்டி. எச்சி."

"தெரியும்."

"காலேசு படிச்ச கை."

"செல்வி வச்சப்ப மட்டும் சும்மா இருந்த?"

"அது அவ வேலை. நீ எம் பிள்ள."

"எனக்குப் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடி சோத்தை மென்னு குடுத்தியே, அது யாரு எச்சி?"

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். சண்டையில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

விரலை உள்ளே விட்டேன். அம்மாவின் வாய்க்குள் அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின்னால் அந்தப் பாக்கு தட்டுப்பட்டது. அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். எட்டாவது மூச்சில் என் விரலுக்கடியில் அது கொஞ்சம் நழுவியது. சனிக்கிழமை சாயங்காலம் மூன்று தீக்குச்சி நுழைந்தது. நான் பேச்சியம்மாள் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் மறுபடி ஒரு குச்சி.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்த செல்வி, கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்தாள். அம்மாவின் கன்னத்தை உள்ளே தொட்டுப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"டீச்சர், நீங்க அவுக்கிறதை யாரோ திரும்பக் கட்டுறாங்க."

"நான் அன்னைக்கே சொன்னேன், செய்வினைன்னு," என்றாள் பேச்சியம்மாள் அத்தை.

"செய்வினையில்ல பாட்டி..."

"பாட்டியா? எவடி பாட்டி?"

அம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் எழுந்தேன். அம்மா பாயில் இல்லை. அடுப்படிக்குப் பின்னால், ஓட்டு இடுக்கில் வரும் வெளிச்சத்தில், மடியில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தாள். அப்துல் ஜப்பார் கடைக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணச் சேலை. நூல் பல்லில் இருந்தது. பூட்டிய பல் அல்லவா, நூல் அசையவே இல்லை.

நான் துணியைப் பிடுங்கினேன். "அறிவிருக்கா உனக்கு? புதன்கிழமை பல்லைப் பிடுங்கிருவாங்க. அதுக்கப்புறம் எதை வச்சுக் கட்டுவ?"

அம்மா காற்றும் சத்தமுமாகச் சொன்னாள். "அதான்... பல்லு போறதுக்குள்ள இதை முடிச்சிரணும்னு பாத்தேன்."

அவள் பல் போகும் என்று முடிவே கட்டிவிட்டாள். என் விரலை ஒரு மரியாதைக்குத்தான் உள்ளே விட்டிருக்கிறாள்.

"நீதான் உக்காந்து சாப்பிடச் சொன்ன. இதுக்கப்புறம் சாகுற வரைக்கும் உக்காரத்தான போறேன்," என்றாள்.

துணியைத் திருப்பி அவள் மடியில் போட்டேன். நூலின் முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு அவள் தலையை ஆட்டினாள். கம்பி இழுத்த இழுப்புக்கு வராதாம். நூல் அறுந்துவிடுமாம். பல் என்றால் விட்டுக்கொடுக்கும், இழுத்தும் பிடிக்கும்.

"கொண்டா," என்றேன். முனையை வாங்கி என் முன்பல்லில் வைத்துக்கொண்டு அவள் எதிரே சம்மணம் போட்டேன்.

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் விடவில்லை. வேறு வழியில்லாமல் கட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் பல்லில் சுருக்கென்று ஓர் இழுப்பு. நூறு முடிச்சில் காதுக்குக் கீழே வலித்தது. இருநூறில் வலி நெற்றிப் பொட்டுக்கு ஏறியது. ஒரு மணி நேரம் ஆனபோது, இதைப் பதினைந்து வருஷமாகச் செய்த வாயைப் பார்த்துத்தான் நான் கத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. சொல்லவும் முடியவில்லை. வாயில் நூல்.

பேச்சியம்மாள் அத்தை தணல் வாங்க வந்தாள். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள்.

"அடி ஆத்தி, டீச்சருக்கும் பூட்டிக்கிச்சா? இனிமே தெருவே நிம்மதியாத் தூங்கும்."

நான் வாயில் நூலோடு அவளைத் திட்டினேன். "ம்ம்ம்ம்ம்!" என்றுதான் வந்தது.

அம்மா சிரித்தாள். முதலில் மூக்கால். பிறகு தோள் குலுங்கியது. பிறகு பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், இத்தனை நாளில் நான் பார்க்காத ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நூலைத் துப்பிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடி ஓடினேன். ஐந்து குச்சி.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். பகலில் நூல் என் பல்லில். காலை, மத்தியானம், சாயங்காலம் என் விரல் அவள் கன்னத்தில். இப்போது அவள் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடி, மூச்சை அவளே எண்ணினாள்.

புதன்கிழமை டாக்டர் விரலை வைத்துப் பார்த்தார். நகம் வரை போய் நின்றது. தட்டில் குறடு தயாராக இருந்தது. அம்மா நாற்காலியின் கையைப் பிடித்தாள், தாடையும் உடனே இறுகியது.

"செத்த நேரம் குடுங்க சார்," என்றாள் செல்வி.

"எவ்வளவு நேரம்மா? வெளிய எட்டுப் பேர் இருக்காங்க."

"எட்டுப் பேரையும் பாத்துட்டு வாங்க சார்."

அவர் போனார். செல்வி ஒரு கன்னம், நான் ஒரு கன்னம். இரண்டு பேர் விரலும் உள்ளே. அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் அழுதாள், செல்வி வழக்கம்போல் கண்டுகொள்ளவில்லை. எட்டுப் பேரும் போன பிறகு டாக்டர் வந்தார். அவர் விரல் முதல் கணு தாண்டி உள்ளே போனது. குறட்டோடு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தார்.

அன்று இரவு ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். அம்மா மெதுவாக மென்றாள். பதினைந்து நாளுக்குப் பிறகு முழு வாயால் பேசிய முதல் பேச்சு: "உப்பு கூட."

"ஒரு மணி நேரமா அடுப்படியில நின்னிருக்கேன். வேற சொல்ல உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்று பல்லைக் கடித்தேன்.

அம்மா என் தாடையையே பார்த்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து, முடிச்சுக் கிள்ள நகம் வளர்த்த விரலை விட்டு, நகம் இல்லாத இன்னொரு விரலை நீட்டினாள்.

"வாயக் காட்டு."

"எதுக்கு?"

"நீயுந்தான்டி கட்டி வச்சிருக்க. காதுக்குக் கீழ புடைச்சுக்கிட்டு நிக்குது."

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ சோப்புப் போட்டுக் கழுவினியா?"

"போட்டேன், போட்டேன். வாயை மூடு... இல்ல, தொற."

திறந்தேன்.