கடலில் சொல்லக்கூடாத விலங்கு

எங்கள் துறையில், படகில் நின்று நரியின் பெயரைச் சொன்னால் வலை காலியாக வரும் என்பார்கள். எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் என் தங்கை ஊஷியா கட்டிக்கொள்ள நினைத்தவனின் குடும்பப் பெயரே நரிதான். அபீலியோ ரபோசோ. ரபோசோ என்றால் எங்கள் பேச்சில் நரி. எல்லை ஆற்றுக்கு அக்கரை, போர்ச்சுக்கல்காரன். ஏதாவது ஒரு படகில் அவனுக்கு இடம் கிடைத்தால்தான் கல்யாணம் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பெயரைக் கேட்டதும் படகுக்காரர்கள் எல்லாரும், கெட்டது விலகட்டும் என்று பக்கத்திலிருந்த இரும்பைத் தொட்டுக்கொண்டு பேச்சை மாற்றினார்கள்.

மிச்சம் இருந்தது நான் வேலை செய்யும் எவரிஸ்தோவின் படகுதான். ஒரு காலை, கிளம்புகிற நேரத்தில், அவனை அங்கே கூட்டிப்போனேன்.

"பேரு என்ன தம்பி?" என்றார் எவரிஸ்தோ.

"அபீலியோ."

"அபீலியோ... அப்புறம்?"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ரபோசோண்ணே. அதுக்கென்ன இப்ப?"

எவரிஸ்தோ நங்கூரத்தைத் தாவிப் பிடித்தார். "டேய் பிராய்ஸ், காலங்காத்தால வாயக் கழுவலயா நீ?"

"அது அதோட பேரே இல்லண்ணே. ரபோசோன்னா வால்காரன், அவ்வளவுதான். பழைய பேரு கோல்பே. அதச் சொன்னா வந்து கோழியத் தூக்கிடும்னு பயந்து நம்ம பெரியவங்க வச்ச பட்டப்பேருதான் இது. பட்டப்பேருக்குப் போய் நடுங்குவாங்களா?"

படகில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டால் எனக்கு வாய் நிற்காது.

"மாட்ரிட்காரன் சோர்ரோங்கறான். அதுவும் சோம்பேறிப் பயலத் திட்டின சொல்லுதான். அக்கரையில இவங்க ரபோசான்னு பொம்பளையாவே ஆக்கிட்டாங்க. கூட்டுல பூந்து கோழி கழுத்தக் கடிக்குதே, கீரி மாதிரி ஒண்ணு, அத நாம குட்டிச் சீமாட்டிங்கறோம். மாட்ரிட்காரன் 'நம்ம புள்ளைக்கு ஞானத்தாய்'னு மொறையே கொண்டாடறான். எல்லாம் ஐஸ் வைக்கற வேலண்ணே."

"இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது?"

"நம்ம பங்குச் சாமியார்."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. நரிக்கு அடுத்தபடியாகப் படகில் சொல்லக்கூடாத ஆள் சாமியார்தான். எவரிஸ்தோ ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

"பழைய பேரு ஒண்ணு. நம்ம பேச்சுல ஒண்ணு. அக்கரைப் பேச்சு. மாட்ரிட் பேச்சு. அதுக்கு மேல அவரு வேற." அபீலியோவைப் பார்த்தார். "நீ ஒரு தடவையாவது சொன்னியா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"வாயடக்கம் இருக்கற பய. ஏறு. கரைக்குத் திரும்பற வரைக்கும் நீ வெறும் அபீலியோதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆள் ஒண்ணு கூடிப்போச்சு. நீ எறங்கு."

"எத்தன நாளைக்குண்ணே?"

"அந்த மூணு பாஷையும் ஒனக்கு மறக்கற வரைக்கும்."

படகு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் ஊஷியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் எவரிஸ்தோவை மனசுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் வலை தாங்காத அளவுக்கு மத்தி. அடுத்த பயணத்திலும் அப்படியே. நான் இறங்கியதுதான் காரணம் என்று எவரிஸ்தோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது எந்தப் படகிலும் என் பெயரைச் சொல்வதில்லை. சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'அபீலியோவின் மச்சான்' என்கிறார்கள்.